எழுதாத வரியும் எழுதிய வரியும்

2025 மார்ச் 28ஆம் திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானியைப் பற்றி வன்னியில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருகிறவர்கள் வரச் சொல்லி இலங்கை அரசு விட்ட அறிவித்தல் அது. அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கர் வரை. பேஸ்புக்கில் அது ‘காணி பறிப்பு’ என்று பரவியது. சட்ட உதவி அலுவலகத்தில் எங்கள் வேலை, வருகிறவர்களுக்கு அதை வாசித்துச் சொல்வது.

வாசித்தால் இருந்தது இவ்வளவுதான். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவித்தல். அட்டவணையிலுள்ள காணிகளுக்கு உரிமை கோருகிறவர்கள் 3 மாதத்துக்குள் கோர வேண்டும். யாரும் கோராவிட்டால் அது அரச காணியாகும். எடுத்துவிட்டோம் என்று அதில் இல்லை. எடுக்கமாட்டோம் என்றும் இல்லை.

போனில் அதன் படத்தோடு ஓர் அம்மா வந்தார். குடியிருப்பது போமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. வயல், தகப்பன் வழி வந்த உறுதிக் காணி, அதாவது பத்திரமுள்ள சொந்தக் காணி. வீடு போய்விடும் என்றுதான் பயந்திருந்தார். போமிற் காணி ஏற்கனவே அரச காணிதான், இந்த அறிவித்தல் அதைப் பற்றியதல்ல என்று சொன்னதும் முகம் தெளிந்தது.

“வயலுக்கு உறுதி கிடக்கோ அம்மா?”

“உறுதி எங்க பிள்ளை, இடம்பெயரேக்க எல்லாம் போட்டுது. அப்ப வயல் போயிடுமோ?”

“போகும் எண்டு இதில எழுதேல்லை. ஆனா கோராமல் விட்டா போகலாம்.”

முதல் வசனத்தோடு எழும்பிவிட்டார். திரும்ப இருத்தி விளக்கினேன். “போகும் எண்டு எழுதேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்” என்றார்.

இந்த ஒரு வரியைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ‘போகும்’ என்று சொல்லியிருந்தால், பயத்தில் வந்த விலைக்கு வயலைத் தள்ளிவிட்டிருப்பார். அப்படி விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2009 இறுதிப் போருக்குள்ளால் வந்த ஒருவருக்கு ‘அவசரப்படாமல் முழுதாய் வாசியுங்கோ’ என்ற புத்திமதி எவ்வளவு உதவும்? உறுதியைப் பெட்டிக்குள் வைத்திருப்பவருக்கும், அதை எழுதிய நொத்தாரிசின் பெயர் மட்டும் அரைகுறையாக ஞாபகமுள்ளவருக்கும் அதே 3 மாதம். உறுதி இலக்கம் தெரியாமல் காணிப் பதிவகத்தில் தேடுவது லேசான வேலையும் இல்லை. கூடப்பிறந்த பங்காளிகள் கனடாவில். காகிதத்தில் எல்லாருக்கும் ஒரே நிபந்தனை என்பது உண்மை. அந்த உண்மையை நிதானமாக வாசித்துக் காட்டியது நான்.

ஜூன் 27ஆம் திகதி, சட்டத்தரணியும் முன்னாள் எம்.பி.யுமான சுமந்திரனின் மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலும் மீளப் பெறப்பட்டது. அப்ப ‘பறிப்பு’ என்று கத்தியவர்கள்தான் சரியா? நான் சொன்னபடி எல்லாரும் பொறுமையாக வாசித்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா? மனு எழுதியவர்களும் வரிவரியாக வாசித்தவர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வர்த்தமானி என்ற ஒன்று வயல்கரைக்கு வந்தே சேர்ந்திருக்காது. அந்த அம்மாவும் என்னிடம் வந்திருக்கமாட்டார். பதற்றம்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

சரி, அதற்குப் பிறகு இன்னொரு கதை கிளம்பியது: “எங்கட காணி எங்களுக்கே எண்டு கோட்டில சொல்லிப்போட்டினமாம்.” தடை என்பது கோரும் நடவடிக்கையை நிறுத்தியது, யாருக்கும் உரித்துக் கொடுக்கவில்லை. தொலைந்த உறுதி தொலைந்ததுதான். அந்த அம்மா சந்தோசமாக வந்தபோது இம்முறை அதைத்தான் முதலில் சொன்னேன்: வயல் உறுதியின் பிரதி இன்னும் எடுக்க வேண்டும், பதிவகத்தில் தேடுவதை விடக்கூடாது.

அவருக்குப் பிடிக்கவில்லை. ஊரே வெற்றி என்கிற நேரத்தில் இந்தப் பிள்ளை மட்டும் பதிவகத்துக்கு அலையச் சொல்லுது என்று மகனிடம் சொன்னாராம். பிரதி இன்னும் எடுக்கவில்லை.