மடிப்பு

திருநெல்வேலி டவுனில், ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை. அதன் சேலைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கடை திறந்தது முதல் இரவு சாத்தும் வரை உட்கார இடம் கிடையாது. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-ல்; அதற்கு வெகு நாள் முன்பே நான் அந்த வேலையை விட்டிருந்தேன். இப்போது பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். துணிக்கடையிலிருந்து புத்தகத்துக்கா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அங்கே சேலை மடித்தேன், இங்கே தாள் மடிக்கிறேன். எனக்கு அது பெரிய மாற்றமாகத் தோன்றவே இல்லை.

கடையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் விற்க விடவில்லை. விரித்துப் போட்டதையெல்லாம் திரும்ப மடிப்பதுதான் வேலை. எங்கள் பிரிவில் மூத்தவரான அண்ணாச்சிதான் கற்றுக்கொடுத்தார். ஐந்தரை மீட்டரும் கரையோடு கரை பொருந்தி, முந்தி மேலே தெரியும்படி அமர வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வார். பட்டுச் சேலைகளை அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வைப்போம். ஒரே மடிப்பில் நாள்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் ஒடிந்துபோகும். பகட்டுக்காக மடிக்கிறோம் என்று நினைத்திருந்த எனக்கு, துணியின் ஆயுளே அதில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் முக்கூடலிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள் என்பதை விரல் நுனிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்படிப்பட்டவர்கள் வந்தால் விலை குறைந்த அடுக்கை மட்டும் காட்ட வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. அந்த உத்தரவை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆச்சி அந்த அடுக்கைத் தொடவில்லை. கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு செடிபுட்டாவைக் கை காட்டினார்கள். வீரவநல்லூர் சௌராஷ்டிர நெசவாளர்களின் கைத்தறிச் சேலை அது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது அதே ரகம்தான்.

விரித்துக் காட்டினேன். முந்தியை அவர்கள் பார்க்கவில்லை. "பிள்ளை, முகத்தை எல்லோரும் காட்டுவார்கள். முதுகைக் காட்டு" என்றார்கள். சேலையைப் புரட்டி, ஒரு புட்டா, அதாவது நெய்த பூ வேலைப்பாடு, முடியும் இடத்தில் நகத்தால் மெல்ல நெருடினார்கள். பின்பக்கம் நூல் நீளமாகத் தொங்கினால் நாளைக்கு வளையலிலும் கொலுசிலும் மாட்டும். தொங்கவில்லை. பிறகு கரையோரத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். தறியில் அகலம் சுருங்காமல் துணியை இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் குத்திய சிறு துளைகள் அங்கே வரிசையாகத் தெரிந்தன. கைத்தறிக்கு அது ஓர் அடையாளம். எனக்கு அதுவரை யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. நாள் முழுக்க இலையைச் சுருட்டி நூலால் கட்டுகிற கைக்கு நூலைப் பற்றித் தெரியாமல் இருக்குமா? சுருக்குப்பையிலிருந்து பணத்தை எண்ணி வைத்தார்கள். பேத்திக்காம்.

நல்ல துணி உடுத்த ஆசைப்படுவதைப் பகட்டு என்று பேசுகிறவர்களை அதன்பிறகு என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. அந்த ஆச்சியிடம் இருந்தது கண்ணும் கையும் பழகிப் பெற்ற அறிவு.

புத்தகத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையில் எடுத்தவுடன் தலைகீழாகத் திருப்பி முதுகின் அடியைப் பார்ப்பேன். அச்சடித்த தாளைப் பதினாறு பக்கக் கட்டுகளாக, எங்கள் பேச்சில் பாரங்களாக, மடித்துத் தைத்த புத்தகம் என்றால், மடிப்புகள் சின்னச் சின்ன வளைவுகளாக அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். மடிப்பைச் சீவிவிட்டுப் பசையில் ஒட்டிய புத்தகம் என்றால் ஒரே நேர்க்கோடு. ஒட்டியதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன்; நல்ல பசையும் பொறுமையும் இருந்தால் அதுவும் நிற்கும். ஆனால் தைத்த புத்தகம் விரிந்து கொடுப்பதுபோல் அது கொடுப்பதில்லை.

துணிக்குப் பாவும் ஊடையும் இருப்பதுபோல ஆலையில் செய்த தாளுக்கும் நாரோட்டம், அதாவது நார்கள் ஓடும் திசை, உண்டு. ஒரு துண்டைக் கிழித்து ஒரு பக்கம் ஈரம் தடவினால் நாரோட்டத்துக்கு இணையான குழாயாகச் சுருளும். அந்த நாரோட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக வர வேண்டும். குறுக்கே வந்தால் தாள் விறைத்துக்கொள்ளும், மடிப்பில் வெடிக்கும், பக்கம் படியாது.

இதை முன்பு வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊரைப் பற்றி எழுதிய புத்தகம், முந்நூறு படிகள். மிச்சமாகக் கிடந்த தாளில் அடித்தார்கள்; நாரோட்டம் குறுக்கே இருந்தது. சொன்னேன். யாருக்குத் தெரியப்போகிறது, புத்தகத்துக்கு உள்ளே இருப்பதுதானே முக்கியம், மேனாமினுக்கு எதற்கு என்றார்கள். நானும் அதற்குமேல் வாதாடவில்லை. முதல் படியை வாங்க ஆசிரியர் வேட்டி சட்டையில் வெளுப்பாக வந்திருந்தார். தம் தாயாரின் படம் இருந்த பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். புத்தகம் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மூடிக்கொண்டது. மூன்றாவது முறை மூக்குக் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு, குனிந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்றால், அதைக் கண் எட்டவிடாமல் செய்கிற புத்தகத்தை என்னவென்று சொல்வது?

நம் ஊரில் இதற்கெல்லாம் யார் மெனக்கெடுவார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குத் தாமிரபரணிதான் நினைவுக்கு வரும். பாபநாசத்தில் அருவி நீரின் விசையில் ஹார்வி நூற்பாலை ஓடியிருக்கிறது. பத்தமடையில் இந்தத் தண்ணீரில் ஊறிய கோரையைத்தான் துணிபோல் மடிக்கக்கூடிய பாயாக நெய்கிறார்கள். ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586-லேயே தமிழ்ப் புத்தகம் அச்சானதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இத்தனையும் ஒரே ஆற்றங்கரையில்.

இப்போதைய அச்சகத்தில் தாள் வந்து இறங்கியதும் முதலில் ஒரு துண்டு கிழித்து ஈரம் தடவிப் பார்த்த பிறகுதான் வெட்டுகிறோம். பசைக்கு மாவு காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கிறோம். அட்டைக்குக் காலிகோ துணி எடுக்க நானே போகிறேன். கடைக்காரர் விரித்ததும் கை தானாகத் துணியைப் புரட்டுகிறது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தான் முதன்முதலாகத் தைத்து முடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து, "அக்கா, சரியாக இருக்கிறதா?" என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. நடுவில் திறந்து மேசையில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்த கையை எடுக்கச் சொன்னேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கி எடுத்தாள். இரண்டு பக்கங்களும் அப்படியே படிந்து கிடந்தன.