உலோகமில்லாக் கரி: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4

நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, உலோகமில்லாத வினையூக்கி ஒன்றைக் கரியிலிருந்து செய்யப்பார்க்கிறேன். மூடியிட்ட மூசையில் மெலமைனை 550 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டேன். திறந்ததும் அம்மோனியா நெடி. உள்ளே வெளிர் மஞ்சளாகக் கரியும் நைட்ரஜனும் சேர்ந்த கரி நைட்ரைடு. இதை நைட்ரஜன் ஏற்றிய கிராஃபீனுடன் (ஓரணுத் தடிமனான கரித் தாள்) கலக்கப்போகிறேன். கரி நைட்ரைடு ஹைட்ரஜன் அணுவைப் பிடித்தால் லேசில் விடாது; கிராஃபீனோ பிடிக்கவே தயங்கும். இரண்டும் சேர்ந்தால் நடுத்தரமான பிடி கிடைக்கும் என்று 2014இல் அடிலெய்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளாட்டினத்துக்கு இயல்பாகவே வாய்த்த பிடி அது. ஆனால் பிளாட்டினத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்துதான் வரவேண்டும். கரி எங்கும் கிடைக்கும். இந்த ஆசைதான் என்னை இந்த வேலைக்கு இழுத்துவந்தது.

மார்ச் 6

மின்முனையை அலுமினா தூளால் வெல்வெட் துணிமேல் எட்டு வடிவில் தேய்த்து, அந்தக் கலவையில் செய்த வினையூக்கி மையை ஒரு சொட்டு வைத்து உலர்த்தினேன். நீர்த்த கந்தக அமிலத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் எட்ட ஹைட்ரஜன் வெளிவரக் கணக்குப்படி வேண்டியதைவிட 420 மில்லிவோல்ட் கூடுதலாகத் தேவைப்பட்டது. இந்த எண் குறையக் குறைய வினையூக்கி நல்லது. இது சுமார்தான்.

மார்ச் 9

அதே மின்முனை, இன்று 230! குமிழிகள் நுரைபோல் பொங்கின. தம்பிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மார்ச் 10

இரவு முழுக்கத் தூக்கமில்லை. வினையூக்கி ஓட ஓடத் தேயவேண்டும். இது ஏன் தேறிக்கொண்டே போகிறது? காலையில் நெறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எதிரே என்ன கம்பி வைத்திருக்கிறீர்கள்?"

மின்சுற்றின் மறுமுனையில் இருந்தது பிளாட்டினக் கம்பி.

ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்தில் அந்தக் கம்பி அமிலத்தில் அணு அணுவாகக் கரைகிறது. கரைந்தது நீரைக் கடந்து வந்து என் கரியின்மேல் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவே போதும், வேலையெல்லாம் அதுதான் செய்யும்.

மார்ச் 14

கம்பியை எடுத்துவிட்டுக் கிராஃபைட் தண்டு வைத்தேன். புதிய அமிலம், புதிய கண்ணாடிக்கலம், புதிய மைச்சொட்டு. முதல் நாள் 425, நான்காம் நாளான இன்று 431. பழைய மின்முனையின் நிறமாலையில் பிளாட்டினத்தின் அடையாளமான இரட்டை முகடு தெளிவாக நின்றது.

230 என்ற எண்ணைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டேன். வலித்தது. ஆனால் 431 முழுக்க முழுக்கக் கரியின் எண் என்று எழுதவும் இன்னும் கை வரவில்லை. கிராஃபீனுக்கு மூலமான கிராஃபீன் ஆக்சைடைச் செய்ய நாம் கொட்டுவது பொட்டாசியம் பெர்மாங்கனேட். அதன் மாங்கனீசு எத்தனை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். உலோகமில்லை என்று பெயர் வைப்பதற்கு முன் அதையும் அளந்தாகவேண்டும்.

மார்ச் 15

மாங்கனீசு, இரும்பு அளவு பார்க்க மாதிரியை அனுப்பிவிட்டேன். பிளாட்டினக் கம்பியைக் காகிதத்தில் சுற்றி, "கரி வேலைக்கு எடுக்காதீர்கள்" என்று எழுதி இழுப்பறையில் வைத்தேன். உலையில் அடுத்த மூசை ஏறியிருக்கிறது.