ஷிஃப்ட் முடிந்த பிறகு

நியூயார்க் தீயணைப்பு வீரர்களைப் பற்றிய ‘ரெஸ்க்யூ மீ’ தொடரை நைட் டியூட்டி இல்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து முடித்தேன். 2004-ல் தொடங்கி 2011 வரை ஓடிய தொடர். நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், தீயணைப்புக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் எங்கள் வேலை வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை இவ்வளவு உண்மையாக வேறு எதிலும் பார்த்ததில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் அந்த நகரத்துத் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. கதாநாயகன் டாமியின் உறவுக்காரனும் உயிர் நண்பனுமான ஜிம்மி அன்று இறந்தவன், ஆனால் அடிக்கடி டாமி எதிரில் வந்து உட்கார்ந்து பேசுவான். டாமி குடிக்கிறான், மனைவி பிரிந்துவிட்டாள், இவன் அவள் வீட்டுக்கு எதிரிலேயே போய்க் குடியேறுகிறான். எரிகிற கட்டடத்துக்குள் யோசிக்காமல் நுழைகிறவனுக்கு, தெருவைத் தாண்டிப் போய்ப் பெற்ற பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை ஒழுங்காகப் பேச வரவில்லை.

தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரும் டாமியாக நடித்தவருமான டெனிஸ் லியரிக்கு இது வெறும் கற்பனை இல்லை. 1999 டிசம்பரில் மாசசூசெட்ஸின் வொர்செஸ்டரில் ஒரு குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்து ஆறு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், அவர்களில் அவருடைய உறவினர் ஒருவரும் இளவயது நண்பர் ஒருவரும் உண்டு.

பிற்பகுதியில் துயரத்தை அளவில்லாமல் அடுக்கிவிட்டார்கள், பெண் பாத்திரங்களை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம். சரி, அதையும் தாண்டி என்னைப் பிடித்து வைத்தது ஸ்டேஷன் சமையலறைதான். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒருவரையொருவர் கொடூரமாகக் கிண்டல் செய்வார்கள். அதே கூட்டத்தில் லூ என்பவன் செத்துப்போன தோழர்களைப் பற்றி யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதிக்கொண்டிருப்பான்.

எங்கள் டியூட்டி ரூமும் இதேதான். ஒரு குழந்தைக்கு மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்து, முடியாமல், இறந்த நேரத்தைக் குறித்துவிட்டு வந்து கை கழுவுவோம். டீ வரும், யாராவது சீட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள், சிரிப்போம். கல்மனசு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம், அடுத்த ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்துவிட்டால் அழ எங்கே நேரம்? கூட வேலை பார்த்த சிஸ்டர் ஒருவரின் மகள் ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னிடம், “அம்மா வீட்டுல இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல ஆன்ட்டி” என்றாள். அந்தச் சிஸ்டர் அளவுக்கு நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுகிறவரை நான் கண்டதில்லை, அத்தனையையும் வார்டிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வெறும் களைப்பைத்தான் எடுத்துப் போயிருக்கிறார்.

டியூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் பிரஷர், ட்ரிப்ஸ், மருந்து எல்லாவற்றையும் எழுதி ஒப்படைக்கிறோம். இறந்த அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொடுத்த நர்ஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எந்த ரிஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது. நான் இன்சார்ஜாக இருக்கிற நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பத்து நிமிடம் எல்லோரையும் உட்கார வைக்கிறேன். பஸ் போய்விடும் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள், புதுப் பிள்ளைகள் முதலில் வாயே திறக்க மாட்டார்கள், அப்புறம் ஒருத்தி ஆரம்பித்தால் மற்றவர்களும் பேசுகிறார்கள்.