மசக்கை வாந்தியும் பி1 ஊசியும்

யாங்கோனில் நம்ம வீடுகளில் கர்ப்பிணி வாந்தி எடுத்தால், "மசக்கைதானே, மூணு மாசம் போனா சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும்விடும். ஆனால் வாரக்கணக்கில் கஞ்சித்தண்ணிகூட வயிற்றில் தங்காதவளிடம் இந்தப் பேச்சு ஆகாது, ஏனென்றால் பி1 வைட்டமின், அதாவது தையமின், உடம்பில் மொத்தமே 30 மில்லிகிராம் அளவில்தான் இருப்பு இருக்கும்; சாப்பாடு இறங்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அது காலி.

தாமுவேயில் இருக்கும் எங்கள் அண்ணிக்கு இதுதான் நடந்தது. ஒருநாள் சாமி விளக்கு இரண்டாகத் தெரிகிறது என்றார். அப்புறம் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை, கேட்டதையே திரும்பக் கேட்டார். பெரியம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். கிளினிக்கில் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப்போகும்போது, வயதான டாக்டர் தன் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி அதையே பார்க்கச் சொன்னார். அண்ணியின் கண்கள் ஓரத்துக்குப் போனதும் துடிதுடித்தன. "முதல்ல பி1 ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ்" என்றார்.

அந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. சர்க்கரையை எரிக்கத் தையமின் வேண்டும். ஏற்கெனவே பி1 வறண்டுபோன உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளைக்கு அடி விழும்.

பி1 இல்லாமல் மூளை கெடும் இந்த நோய்க்கு வெர்னிக்கே மூளைநோய் என்று பெயர்; இதைக் குடிகாரர் வியாதி என்றே பலரும் நினைக்கிறார்கள். 1881இல் ஜெர்மன் டாக்டர் கார்ல் வெர்னிக்கே இதை முதன்முதலில் விவரித்தபோது அவர் பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர் குடிகாரர்கள்தான், ஆனால் மூன்றாவது ஓர் இளம் தையல்காரி. கந்தக அமிலம் குடித்து இரைப்பை புண்ணாகி ஓயாமல் வாந்தி எடுத்தவள். மூவருமே இறந்துபோனார்கள்.

நம் தட்டிலும் கொஞ்சம் காரணம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு பி1 போய்விடுகிறது. புழுங்கல் அரிசியில் அப்படியில்லை, நெல்லை அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடும். மலாயாவில் வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களை, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ்க் கூலிகள் பெருமளவு தப்பித்தது இதனால்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று வெறும் வெள்ளைச் சோறும் உப்பும் போடுவதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, தாய்ப்பாலில் பி1 குறைந்தால் கைக்குழந்தையின் இதயமே நின்றுபோகலாம்.

அண்ணிக்கு இரட்டைப் பார்வை சில நாளில் போனது, நடை தேற மாதங்கள் பிடித்தன. மாத்திரை போதாதா என்று அண்ணன் கேட்டார். வாந்தி எடுப்பவளுக்கு மாத்திரை எங்கே தங்கும்? ஊசிதான். கர்ப்பிணி மட்டுமில்லை, இரைப்பை ஆபரேஷன் ஆனவர், கீமோவில் சாப்பிட முடியாதவர் யாராக இருந்தாலும் டிரிப் போடும் முன் "பி1 போட்டாச்சா?" என்று கேளுங்கள். டாக்டர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.