பொலிஸ் சபையின் முன் ஐந்து நிமிடம்

ரொறன்ரோ பொலிஸ் சேவையை மேற்பார்வை செய்யும் சபையின் பொதுக் கூட்டத்தில், முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் யாரும் பேசலாம். நான் பேசியிருக்கிறேன். நம்மவர்களில் பலருக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

சபையில் ஏழு பேர். நகரசபையைச் சேர்ந்தவர்களும், நகரசபையும் மாகாண அரசும் நியமிக்கும் பொதுமக்களும் அதில் இருக்கிறார்கள். பொலிஸ் தலைவரை நியமிப்பது, கொள்கை வகுப்பது, நூறு கோடி டொலரைத் தாண்டிய வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தைப் பரிசீலித்து நகரசபைக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒரு குறிப்பிட்ட விசாரணையை இப்படி நடத்துங்கள் என்று அவர்கள் கட்டளையிட முடியாது.

என்னை அங்கே கொண்டுபோனது காணாமற்போனவர்களின் கதை. 2010க்கும் 2017க்கும் இடையில் இந்த நகரில் ஒரே கொலையாளியின் கையில் எட்டு ஆண்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் சர்ச் தெருவின் தன்பாலீர்ப்பாளர் வட்டாரத்தோடு தொடர்புள்ளவர்கள். அவர்களில் ஈழத் தமிழர்களும் இருந்தார்கள். ஒருவர் 2010இல் ஈழத் தமிழ் அகதிகளைக் கனடாவுக்கு ஏற்றிவந்த சன் சீ கப்பலில் வந்து, அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். அவரைக் காணவில்லை என்று இங்குள்ள பொலிசில் ஒரு முறைப்பாடுகூடப் பதிவாகவில்லை. அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பொலிசிடம் போனால் நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயம் எங்கள் வீடுகளில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்த விசாரணைகளில் என்ன தவறு நடந்தது என்று பார்க்கச் சபையே 2018இல் சுதந்திர மீளாய்வு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டைன் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் 151 பரிந்துரைகள் இருந்தன. அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்ற விடயம் கூட்ட நிகழ்ச்சிநிரலில் வந்தபோது பெயர் கொடுத்தேன்.

உரையை எழுதிச் சட்டம் படித்த ஒரு தம்பியிடம் காட்டினேன். "அண்ணா, ஒரு அதிகாரி செய்ததை இங்கே சொல்லிப் பயனில்லை. அதற்கு மாகாண முறைப்பாட்டு அமைப்பு இருக்கிறது. உயிரிழப்போ பெரிய காயமோ என்றால் பொலிசுக்கு வெளியே இயங்கும் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு பார்க்கும். சபையிடம் கொள்கையைக் கேளுங்கள்" என்றார். அந்த ஆலோசனைதான் என் உரையைக் காப்பாற்றியது. இரண்டு பக்கக் கோபத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன்: குடியுரிமை நிலையைச் சொல்லாமல், தமிழிலேயே, ஒருவர் காணாமற்போனதை அறிவிக்க எந்த ஏற்பாடு இருக்கிறது, அதை எங்கள் மக்களுக்கு யார் சொல்வார்கள்?

ஒருவருக்கு ஐந்து நிமிடம். வீட்டில் உரக்க வாசித்து நேரம் பாருங்கள். கண்ணால் வாசிப்பதைவிட அது நிச்சயம் நீளும். கோரிக்கையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு முன்னால் பேசிய ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, கேட்க வந்ததைக் கேட்கு முன்பே நேரம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நான் முடித்ததும் ஓர் உறுப்பினர், முதியவர்கள் இணையத்தில் அறிவிப்பார்களா, நேரில் வருவார்களா என்று கேட்டார். கோயிலிலும் தேவாலயத்திலும் தெரிந்த ஒருவரிடம்தான் முதலில் சொல்வார்கள், அந்த ஒருவரிடம் உங்கள் தகவல் இருக்க வேண்டும் என்றேன். உடனடித் தீர்மானம் எதுவும் வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் சொன்னது கூட்டப் பதிவில் நிற்கிறது. அடுத்த முறை அதே விடயம் வரும்போது அதைக் காட்டிக் கேட்கலாம். நேரில் பேச முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம்.

அடுத்ததாக வரவுசெலவுத் திட்டம் வரும் கூட்டத்துக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன். நகரசபையால் மொத்தத் தொகையைத்தான் தீர்மானிக்க முடியும், உள்ளே உள்ள தனித்தனிச் செலவுகளை மாற்ற முடியாது. ஆகவே மொழிபெயர்ப்புக்குப் பணம் கேட்க வேண்டுமானால் இந்தச் சபையிடம்தான் கேட்க வேண்டும். ஸ்காபரோவிலிருந்து இன்னும் சிலர் கூட வந்தால் நல்லது.