ஏற்காட்டு மழை கடலுக்குப் போன வழி: 41 நிமிடப் படம் ஒன்று எடுத்த கதை

"ஆத்தைப் பங்கு போட்டுக்கறதப் பத்திப் படமா? கர்நாடகா விவகாரந்தானே பாப்பா?"

படம் எடுக்கப் போகிறோம் என்று சொன்ன முதல் மாதத்தில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. டீக்கடையில், அலுவலக வாசலில், சொந்தச் சித்தப்பா வீட்டில். பொதுத் தண்ணீர் என்றாலே நமக்கு, காவிரியில் கர்நாடகம் வருடத்துக்கு இவ்வளவு விட வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சிதான் ஞாபகம் வருகிறது. "இல்லைங்க, எல்லையில இருக்கற பிலிகுண்டுலு தாண்டி நம்ம கைக்கு வந்த தண்ணியையும், நம்ம ஊர்லயே பொறக்கற தண்ணியையும் நாம என்ன பண்றோம்ங்கறதப் பத்தி" என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்பவள். ஒன்பது வருடமாக முகூர்த்தம், ரிசப்ஷன், காதுகுத்து. இந்த யோசனை வந்ததும் ஒரு கல்யாண வேலையில்தான். மாப்பிள்ளை பெண்ணை ஏற்காட்டில் படம் பிடிக்கப் போயிருந்தோம். சேர்வராயன் கோயில் மேட்டில் மூடுபனி விலகட்டும் என்று காத்துக்கிடந்தபோது, சாமி கும்பிட வந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் (கேரளத்துக்காரர் இல்லை, நம் மலையிலேயே வாழும் பழங்குடி) பேச்சுவாக்கில் இரண்டு கையையும் இரண்டு பக்கம் நீட்டினார். "இந்தப் பக்கம் பேயற மழை காவேரிக்கு. அந்தப் பக்கம் பேயறது தென்பெண்ணைக்கு." அந்தக் குகைக் கோயிலில் சேர்வராயனோடு இருக்கும் அம்மன் பெயரும் காவேரிதான். அதுவரை பத்துத் தடவையாவது அங்கே போயிருப்பேன். ஒரு தடவையும் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தால், அவர் சொன்னது அப்படியே சரி. ஒரு பக்கத்து ஓடைகள் திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் இறங்கிக் காவிரியில் சேர்கின்றன. வடக்கே இறங்கும் வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் தேங்கி, தென்பெண்ணையில் கலந்து, கடலூரில் கடலைத் தொடுகிறது. ஒரே மேட்டில் ஒரு முழம் தள்ளி விழுந்தால் வேறு ஊர், வேறு கடற்கரை. அன்றைக்கே கேமராக்காரத் தம்பியிடம் சொன்னேன்: மலையில் ஆரம்பித்துக் கடல் வரை தண்ணீர் கூடவே போவோம். முதலில் காவிரிப் பக்கம். ஓமலூரில் டீச்சராக இருக்கும் என் தோழி சவுண்டு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மூன்று பேர், ஒரு கேமரா, மூன்றாம் கையாக வாங்கிய இரண்டு மைக். ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆனது.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எங்களுக்கு மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் செலவு. அதில் பாதி பெட்ரோலும் சாப்பாடும். சீர் வைத்த மாதிரி யாரும் கொண்டு வந்து கொடுக்கவில்லை. முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழி மாதங்களில் ஸ்டுடியோ கேமரா சும்மா கிடக்கும், அதை வாடகையில்லாமல் எடுத்துக்கொண்டோம். ஆனால் ஆடியில் சேலத்தில் சவுண்டு எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை, தெருவுக்கு நாலு குழாய் ஸ்பீக்கர். பேட்டி எடுத்த ஆறு பேரில் நாலு பேரின் குரலுக்குப் பின்னால் எல்.ஆர். ஈஸ்வரி பாடிக்கொண்டிருக்கிறார். மறுபடி மார்கழியில் போய் எடுத்தோம்.

ட்ரோன் விஷயம் சுருக்கமாக. 250 கிராமுக்கு உட்பட்டதாக இருந்தால் ஓட்டுவதற்கு உரிமம் வேண்டாம் என்பது சரி. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்க விடலாம் என்று அர்த்தமில்லை. விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது, ஓமலூர் அதற்குப் பக்கம். சரபங்காவை மேலிருந்து எடுக்கும் ஆசையை, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்ததும் விட்டோம். மேட்டூர் அணைப் பக்கம் ட்ரோனைக் கையில் எடுக்கவே இல்லை. பாலத்தின் மேல் நின்று எடுத்தோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கஷ்டம் காகிதத்தில்தான் இருந்தது. திருமணிமுத்தாற்றில் எந்தெந்த இடத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கிறார்கள், என்ன அளவு வந்தது என்று தெரிந்துகொள்ள ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ரொம்பப் பெருமையாக, "இந்த ஆறு ஏன் இப்படி ஆனது? யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை?" என்று ஒன்பது கேள்வி. முப்பதாம் நாள் பதில் வந்தது. கேட்டவை தகவல் என்ற வரையறைக்குள் வராது, ஒரு வரி. கோபம் வந்தது. ஆனால் தப்பு என் பேரில். அந்தச் சட்டம் ஏற்கெனவே காகிதத்தில் இருப்பதைத்தான் கொடுக்கச் சொல்கிறது, காரணம் சொல்லச் சொல்லவில்லை. இரண்டாவது மனுவில் 'ஏன்' என்ற சொல்லே இல்லை. இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, இந்த இடத்து ஆய்வறிக்கையின் நகல், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அதை வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கிருந்து காகிதம் வந்தது. மூன்று மாதம் போனாலும் படத்தில் எண் பேசும் இடமெல்லாம் அந்தக் காகிதத்தை நம்பித்தான் நிற்கிறது.

அது வருவதற்கு முன்னால் நாங்களே விஞ்ஞானிகள் ஆகிவிட்ட கூத்தையும் சொல்ல வேண்டும். வாட்டர் ஃபில்டர்காரர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, ஏற்காட்டு ஏரியில் ஆரம்பித்து நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கும் இடம் வரை முக்கி முக்கி எடுத்தோம். எண் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க தம்பிக்குக் குஷி. "அக்கா, இதையே படமா வெச்சுரலாம்." ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவு கலக்கும் ஓடையில், மூக்கைப் பொத்திக்கொண்டு முக்கினால், எண் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி ஏறவே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று அடித்துப் பார்த்தான்.

கெட்டது மீட்டர் இல்லை, எங்கள் புரிதல். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் அரை மணி நேரத்தில் விளங்க வைத்தார். அந்த மீட்டர் பார்ப்பது கரைந்திருக்கும் உப்பை. சாயப்பட்டறைத் தண்ணீரில் உப்பு அதிகம், சாயம் துணியில் ஏறுவதற்கே உப்புப் போடுகிறார்கள், அதனால் எண் எகிறும். குச்சிக்கிழங்கு அரைத்த தண்ணீரில் இருப்பது மாவுச்சத்து. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும், மீட்டர் பேசாமல் இருக்கும். அதை அளக்க பிஓடி என்று வேறு சோதனை, சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும், ஆய்வகத்தில்தான் முடியும். "குளிக்கற தண்ணிக்கு லிட்டருக்கு மூணு மில்லிகிராமுக்கு மேல பிஓடி போகக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நீ மூக்கால கண்டுபிடிச்சதை மீட்டர் கண்டுபிடிக்காது கண்ணு" என்றார். அந்த மீட்டர் காட்சிகளை, கிட்டத்தட்ட நாற்பது நிமிடம், தூக்கி எறிந்தேன். அந்த அம்மா பேசியது ஆறு நிமிடம் அப்படியே படத்தில் இருக்கிறது.

அடுத்தது மனிதர்கள். மூக்கனேரிக்குப் போனால் எல்லாரும் பேசுவார்கள். 2010-இல் சேலம் மக்கள் குழு தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே நடுவில் திட்டுகள் போட்டு மரம் நட்ட ஏரி அது, இன்றைக்குப் பறவைகள் வந்து உட்கார்கின்றன, கேமராவை எங்கே வைத்தாலும் அழகு. அந்த அழகே எனக்குப் பயமாக இருந்தது. அதில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்கவில்லை. தம்பிக்கு இன்னும் வருத்தம்.

பேச மறுத்தவர்கள் பட்டறைகளில் இருந்தார்கள். முதல் மூன்று சாயப்பட்டறையில் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. தப்பில்லை, கேமராவோடு வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு வாரம் ஒரு முறை போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு தொழிலாளி ஒத்துக்கொண்டார், மூஞ்சி வேண்டாம், கை மட்டும் என்றார். நகக்கண்ணெல்லாம் நீலம். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றச் சொன்னோம், யாராவது அடையாளம் கண்டுவிடக் கூடாதே. ஒப்புதல் தாளைத் தமிழில், அரைப் பக்கத்தில், பெரிய எழுத்தில் அடித்து வைத்திருந்தோம். படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினோம். அவர் சொன்னதிலேயே என்னை உலுக்கியது ஒன்று: மழை வருகிற மாதிரி இருந்தால் பட்டறையில் பரபரப்பாகிவிடுமாம். ஏன் என்று கேட்டேன். "வெள்ளத்தோட போயிருமில்லீங்க." மழைக்கு மறுநாள் உத்தமசோழபுரம் பக்கம் ஆற்றில் நுரை ஏன் பொங்குகிறது என்று ஊரே கேட்கும் கேள்விக்கு ஒரு பாதி பதில் அதில் இருந்தது.

அந்த ஊரில் கரபுரநாதர் கோயில் திருமணிமுத்தாற்றின் கரையில்தான் இருக்கிறது. நகரத்துக்குள் சுகவனேசுவரர் கோயிலும் அதே ஆற்றங்கரைக் கோயில்தான். ஆனால் சேலத்துக்காரர்களிடம் ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அணைமேட்டுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, "இங்க ஏதுங்க ஆறு, இது சாக்கடை" என்று சொன்னவரைப் படத்தில் வைத்திருக்கிறேன்.

இப்படி ஊரில் இருக்கிற பட்டறை வாசலையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தபோது, தோழி ஒரு நாள் காரில் வைத்துக் கேட்டாள். "உங்கப்பா பட்டறைத் தண்ணி எங்கடி போகுது?"

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். அப்பா கொலுசுப் பட்டறைக்காரர், என்னைப் படிக்க வைத்தது கொலுசுதான். பற்ற வைத்த கொலுசைத் திராவகத்தில் போட்டு எடுப்பார்கள், அப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். பூந்திக்கொட்டை வாசம்தான் எனக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வாசம். இரண்டு தண்ணீரும் முற்றத்துக் குழியில் இறங்கி, தெரு சாக்கடைக்குப் போய், அங்கிருந்து எங்கே என்று நான் கேட்டதே இல்லை.

அப்பாவை உட்கார வைக்க ஒரு மாதம் ஆனது. திட்டினார். "வெளியில எவனும் கெடைக்கலையா உனக்கு?" அம்மா நடுவில் வந்து, "ஊரான் ஊட்டுப் பட்டறையைக் காட்டுனவ இதையுங் காட்டட்டும்" என்று சொன்ன பிறகுதான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட அவர் வீசமாட்டார், அதில் இருக்கும் வெள்ளித் தூளுக்காக அதையும் விற்றுவிடுவார். அதைத்தான் கேமராவைப் பார்த்துச் சொன்னார். "தூசிக்குக்கூட வெலை இருக்குது. தண்ணிக்கு மட்டும் எவனும் காசு குடுக்கலையே." அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வெட்டாமல் விட்டிருக்கிறேன். தனியாகச் சுத்திகரிப்பு வைக்கச் சின்னப் பட்டறைக்குக் கட்டாது, எல்லாருக்கும் சேர்த்து ஒன்று என்றால் இடம் யார் கொடுப்பது, பணம் யார் போடுவது என்று அவர் கேட்டதும் படத்தில் இருக்கிறது. என்னிடம் பதில் இல்லை.

கடலில்தான் பெரிய முட்டாள்தனம் செய்தோம். காவிரி என்றால் பூம்புகார் என்று நேராகப் போய் இறங்கினோம். இரண்டு நாள் தங்கி, அலை, படகு, சூரிய உதயம் எல்லாம் எடுத்தாயிற்று. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்க ஊரு வெள்ளத்துல பெரும்பங்கு இங்க வராதும்மா. முக்கொம்புல கொள்ளிடத்துக்குத் திருப்பிவுட்டுடுவான். பழையாறு போய்ப் பாரு." வீட்டில் பாடப் புத்தகத்தைத் திறந்திருந்தாலே தெரிந்திருக்கும். வெள்ளக் காலத்தில் மிகுந்து வரும் நீருக்குக் கொள்ளிடம்தான் வழி, அது கடலில் சேரும் ஊர்தான் பழையாறு.

பழையாற்றுக்கு மழைக்காலத்தில், மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்த சேதி கேட்டுப் போனோம். முகத்துவாரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் நீலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு பெண், வலையில் மீனோடு வந்ததைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஷாம்பூ பாக்கெட், குட்கா உறை, ஒற்றைச் செருப்பு, ஏதோ ஊர்த் துணிக்கடைப் பை. பையின் எழுத்து அழிந்திருந்தது. தம்பி அதை நெருக்கமாக எடுத்து, "நம்ம ஊருதா இருக்கும்க்கா" என்றான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேட்டூரிலிருந்து அங்கே வரை எத்தனை ஊர். அந்தக் காட்சிக்குப் பின்னணிக் குரல் வைக்கவில்லை.

எடிட்டிங்கை நானே செய்ததால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண வீடியோ பழக்கத்தில் முதல் பதிப்பில் எல்லாக் காட்சிக்கும் பாட்டுப் போட்டிருந்தேன். தோழி பார்த்துவிட்டு, "ஆறு தாலி கட்டிக்கிற மாதிரி இருக்குதுடி" என்றாள். பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு அவள் பதிவு செய்த தண்ணீர்ச் சத்தத்தை வைத்தேன். ஒரு மணி பத்து நிமிடமாக இருந்தது 41 நிமிடமானது.

தியேட்டரில் போடுவதென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அந்த வேலையை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இப்போதைக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு எங்கள் வீட்டு மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டு பார்த்தார். தன் பகுதி வந்தபோது கீழே போய்விட்டார், முடிந்த பிறகு எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர் இரண்டு பேர் அவரிடம் ரொம்ப நேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், என்னவென்று எனக்குச் சொல்லவில்லை.

வாணியாற்றுப் பக்கம் பாக்கி இருக்கிறது. பெரியவர் நீட்டிய இரண்டாவது கை. மழை பிடித்தால்தான் அந்த ஓடைகளில் தண்ணீர் பார்க்க முடியும், அதாவது ஐப்பசி. ஐப்பசியில் ஸ்டுடியோவுக்குப் பதினொரு முகூர்த்தம் புக் ஆகியிருக்கிறது. முதலாளியிடம் நாலு நாள் லீவு எப்படிக் கேட்பது என்று தம்பியும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.