லேத் ஸ்பிண்டிலில் இறுகிப்போன சக்

பெங்களூரில் கோடை மழை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வோர் ஆண்டும் சாலையோர மரங்களின் கிளைகள் முறிந்து விழுவது வழக்கம். எங்கள் அல்சூர் தெருமுனையில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளையொன்று அப்படி விழுந்தபோது, அறுத்து அப்புறப்படுத்த வந்தவர்களிடம் கேட்டு, தொடையளவு பருமனான இரண்டு துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பச்சை மரத்தைக் கடைவதில் ஒரு தனி இன்பம் உண்டு. உளி வெண்ணெயில் செல்வதுபோலச் செல்லும், சீவல்கள் நீண்ட நாடாக்களாகப் பறக்கும், மரத்தூள் கிளம்பாததால் மூச்சும் முட்டாது. அன்று மாலையே 250 மி.மீ. விட்டமுள்ள ஒரு கிண்ணத்தை முரட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சுவருக்கு 25 மி.மீ. கனம் விட்டு, உலர்வதற்காக அலமாரியில் வைத்தேன். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கினை மட்டும், அது மரையில் திருகி மாட்டப்பட்டிருக்கும் ஸ்பிண்டிலிலேயே (லேத்தின் சுழலும் தண்டு) விட்டுவிட்டு, மறுநாள் காலை வேலூருக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து சக்கினைக் கழற்ற முயன்றபோது அது அசையவே இல்லை. சக் சாவியை அதன் துளையில் செருகி, அதையே கைப்பிடியாகக் கொண்டு பலம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். ஸ்பிண்டில் சுற்றாமல் இருக்க, அதைத் தாங்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் உள்ள இன்டெக்ஸ் பின்னை உள்ளே தள்ளி வைத்திருந்தேன். மூன்றாவது இழுப்பில் கழன்று வந்தது சக் அல்ல. அந்தப் பின்தான் முறிந்தது. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சம இடைவெளியில் கோடுகளோ பள்ளங்களோ போடுவதற்கு ஸ்பிண்டிலை ஒரு நிலையில் நிறுத்தி வைக்க மட்டுமே அந்தப் பின் உதவும். அவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை. கையேட்டில் இந்த எச்சரிக்கையைப் படித்திருந்தும் அவசரத்தில் மறந்தேன். இதை எழுதுவதற்கு முதல் காரணம் அந்தப் பின்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போய் அழைத்ததும் வந்து பார்த்து, லேத்தின் மின் இணைப்பை முதலில் பிடுங்கச் சொன்னார். பிறகு, "கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தினியாம்மா?" என்று கேட்டார். நான் தளர்த்தியிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி எல்லோரும் தம்மைத்தாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. லேத்தை எதிர்த்திசையில் ஓட்டி உப்புத்தாள் தேய்க்கும்போது சக் தானாகக் கழன்று பறந்துவிடாமல் இருக்க, அதன் பின்பக்கத்தில் உள்ள சிறிய கிரப் ஸ்க்ரூவை இறுக்குவோம். அதைத் தளர்த்த மறந்துவிட்டு, சக் துருப்பிடித்துவிட்டதாக எண்ணிச் சுத்தியலை எடுப்பவர்கள் உண்டு. அந்த ஸ்க்ரூவின் முனை நேராக ஸ்பிண்டிலின் மரையில் பதியும் அமைப்பாக இருந்தால், அங்கே ஒரு பிசிறு எழும்பி, ஸ்க்ரூவைத் தளர்த்திய பிறகும் சக்கினைத் தடுக்கும். ஸ்க்ரூவின் முனைக்கும் மரைக்கும் இடையில் சிறு நைலான் துண்டோ பித்தளைத் துண்டோ போட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது.

அடுத்து அவர் விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. என் ஸ்பிண்டில் 1 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 8 மரைகளும் கொண்டது. பெரிய லேத்துகளில் 33 மி.மீ. விட்டமும் 3.5 மி.மீ. பிட்சும் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலுள்ள தூரம்) கொண்ட ஸ்பிண்டில் பரவலாக இருக்கிறது. எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். மரை வலப்புறமாகச் சுற்றினால் இறுகும் வகை என்பதால், லேத் ஓடும்போது உளி தரும் எதிர்ப்பு முழுவதும் சக்கினை இறுக்கும் பக்கமே வேலை செய்கிறது. நகவுளி (குழிந்த உளி) மரத்தைக் கடித்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் விசை மையத்திலிருந்து 125 மி.மீ. தள்ளி, கிண்ணத்தின் விளிம்பில் விழுகிறது. கழற்றும்போது என் கை பிடிப்பதோ 100 மி.மீ. விட்டமுள்ள சக்கின் உடலை, அதாவது மையத்திலிருந்து 50 மி.மீ. தூரத்தில். ஒரே அளவு விசையானாலும், மரம் இறுக்கிய முறுக்கு என் கையின் முறுக்கைப்போல் இரண்டரை மடங்கு. கடிப்பது ஒரு திடீர் மோதல் என்பதால் அந்த விசையும் என் கைப் பலத்தைவிடப் பன்மடங்கு. அன்று மாலை அந்தப் பச்சை மரத்தில் உளி இரண்டு முறை கடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

இதற்கு மேல் ஈரமும் சேர்ந்துகொண்டது. பச்சை மரம் வேகமாகச் சுழலும்போது அதிலிருக்கும் நீர் சாரலாகத் தெறித்து லேத்தின் அடித்தளமான படுகை, சக், ஸ்பிண்டிலின் தோள் (மரை முடியும் இடத்தில் உள்ள அகன்ற விளிம்பு) எல்லாவற்றின் மீதும் விழுகிறது. மரச்சாறு வெறும் நீரைவிட விரைவாக இரும்பைக் கறுக்கச் செய்யும். சக்கின் பின்முகமும் ஸ்பிண்டிலின் தோளும் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும் இடத்தில் அந்த ஈரம் புகுந்துவிட்டால், இரண்டு வார மழைக்காலம் துருப்பிடிக்கப் போதும்.

கழற்றும் வேலையை அவர் அன்றே தொடங்கவில்லை. சக்கும் தோளும் சேரும் இடைவெளியில் துரு விடுவிக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு மணிக்கு ஒருமுறை மறுபடியும் விடச் சொல்லி, இரவு முழுவதும் ஊற வைத்தார். மறுநாள் காலை, ஹெட்ஸ்டாக்கிலிருந்து வெளியே தெரியும் ஸ்பிண்டிலின் தட்டையான பகுதியில் சரியான அளவு ஸ்பேனரைப் பொருத்தி, அதன் கைப்பிடி நான் நிற்கும் பக்கமாக வந்து படுகையின் மேல் வைத்த மரக்கட்டையில் படியுமாறு செய்தார். தாங்க வேண்டிய விசை முழுவதும் ஸ்பேனர் வழியாகப் படுகைக்குப் போய்விடும். பின்னுக்கோ பெல்ட்டுக்கோ புல்லிக்கோ வேலை இல்லை. புல்லியின் இடுக்கில் கம்பியைச் செருகித் தடுப்பது பலர் செய்யும் தவறு. வார்ப்பு அலுமினியப் புல்லியின் விளிம்பு எளிதில் உடைந்துவிடும்.

பிறகு சக்கின் நான்கு தாடைகளையும் விரித்து, பக்கத்துக்கு இரண்டு தாடைகள் வருமாறு நடுவே குறுக்காக ஒரு கனமான இரும்புப் பட்டையை வைத்து, சாவியால் இறுக்கிப் பிடிக்கவைத்தார். பட்டையின் நீண்ட பகுதி என் பக்கமாக, மையத்திலிருந்து ஏறத்தாழ 450 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. கையால் சக்கினைப் பிடிப்பதைப்போல் ஒன்பது மடங்கு நெம்பு இப்போது கிடைத்தது. அதை அழுத்த நான் கையை வைத்தபோது தடுத்துவிட்டார். "அழுத்தாதேம்மா, தட்டணும்" என்று சொல்லி, கொட்டாப்புளியை எடுத்து, பட்டையின் முனையில் மேலிருந்து கீழாகச் சுருக்கென்று ஓர் அடி கொடுத்தார். முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது அடியில் 'டக்' என்று ஓசை எழுந்தது. அதன்பின் ஒரு கையாலேயே சுற்றிக் கழற்றிவிட முடிந்தது.

மெதுவாக அழுத்தினால், ஒட்டிக்கொண்ட இரண்டு முகங்களுக்குக் கையின் பலம் அளவுக்குத்தான் விசை போய்ச் சேர்கிறது. சுருக்கமான அடி ஒரு கணத்துக்கு அதைவிடப் பெரிய விசையைத் தந்து அந்த ஒட்டுதலை உடைக்கிறது. கொட்டாப்புளி மரத்தாலானதால் பட்டையும் நசுங்குவதில்லை. அடி எப்போதும் சுற்றும் திசையில் மட்டுமே விழ வேண்டும். சக்கின் முகத்தில் நேராகவோ பின்னாலிருந்தோ அடித்தால் அந்த அதிர்ச்சி ஸ்பிண்டிலின் பேரிங்குகளைக் கெடுத்துவிடும். திசையைப் பற்றிக் குழப்பம் இருந்தால் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: லேத் வழக்கமாக ஓடும்போது மரத்தின் நம் பக்கத்து முகம் எந்தத் திசையில், அதாவது கீழ்நோக்கி, செல்கிறதோ அதே திசையில் சக்கினைச் சுற்றினால் கழலும்.

இதுவும் பலிக்காவிட்டால் சூடு உதவும். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, கீழே கிடக்கும் சீவல்களைப் பெருக்கி எடுத்துவிட்டு, சக்கின் உடலை மட்டும் ஹீட் கன் கொண்டு விரைவாகச் சூடாக்க வேண்டும். ஸ்பிண்டிலுக்குச் சூடு பரவும் முன்பே சக் சற்று விரிந்துகொள்ளும். உடனே தட்ட வேண்டும். மெதுவாகச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து விரியும் என்பதோடு, பேரிங்கின் ரப்பர் உறையும் கிரீஸும் பாழாகும். மரப்பட்டறைக்குள் தீச்சுடர் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டிச் சக்கினைக் கழற்றப் பார்ப்பதும் அப்படியே. கழன்றால் மூன்று நான்கு கிலோ இரும்பு சுழன்றுகொண்டே நம்மை நோக்கி வரும்.

சில சக்குகளில் மரை நேரடியாக உடலில் இருக்காது. தனியான ஓர் அடாப்டர் உள்ளே திருகப்பட்டிருக்கும். கழற்றும்போது உடல் மட்டும் கையோடு வந்து, அடாப்டர் ஸ்பிண்டிலிலேயே தங்கிவிடுவது உண்டு. அப்போது உடலை மறுபடியும் மாட்டி, அடாப்டரைப் பூட்டும் ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு மேலே சொன்ன முறையையே செய்ய வேண்டும். எதற்கும் அசையாத அடாப்டரை ஃபிட்டர் ஒருவரைக் கொண்டு அறுத்தெடுத்துவிடலாம். ஸ்பிண்டிலை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அடாப்டரின் விலை சிறிது.

சக் கழன்றதும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதன் பின்முகத்தைப் பார்த்தோம். வட்டமாகப் பழுப்பு நிறத்தில் துரு படிந்திருந்தது. ஓரிடத்தில் காகிதத்தைவிட மெல்லியதாக நசுங்கிய ஒரு மரச்சிராய் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை கிண்ணம் சற்று ஆடியதும், நான் சக்கினை இன்னும் இறுக்கிப் பார்த்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. சக்கினை மாட்டும் நேரத்திலேயே அந்தச் சிராய் உள்ளே சிக்கியிருக்கிறது. கிண்ணம் ஆடினால் இறுக்குவதற்குப் பதிலாகக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் ஸ்பிண்டிலின் மரையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கிறேன். ஒரு பருத்திக் கயிற்றை மரையின் பள்ளத்தில் படியுமாறு சுற்றிப் பிடித்துக்கொண்டு ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றினால், பள்ளத்தின் அடியில் கிடக்கும் பிசினும் தூளும் வந்துவிடும். சக்கின் உள்மரையையும் பின்முகத்தையும் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சிராய் விரலுக்குத் தெரியும். மரையில் மெழுகுவத்தியை இலேசாகத் தேய்க்கிறேன். தையல் மிஷின் எண்ணெயும் துருவைத் தடுக்கும் என்றாலும், அதில் மரத்தூள் ஒட்டிப் பசையாகிவிடுவதைக் கண்டிருப்பதால், கடையும் நாட்களில் மெழுகையே விரும்புகிறேன்.

சக் கடைசி வரை, அதாவது பின்முகம் தோளில் முழுவதும் படியும் வரை, கையால் சுற்றப்பட வேண்டும். இறுகிவிடுமோ என்று அஞ்சிக் கால் சுற்று மிச்சம் விடுவது நேர்மாறான பலனைத் தரும். அங்குலத்துக்கு 8 மரைகள் என்றால் கால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.8 மி.மீ. இடைவெளி, மோட்டார் கிளம்பியதும் சக் அந்த இடைவெளியைத் தாண்டி வந்து தோளில் மோதி, கையால் கழற்ற முடியாத அளவுக்கு இறுகிவிடும்.

இடையில் வாஷர் போடுவதைப் பற்றி எனக்கும் பெரியவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இரும்பின் மேல் இரும்பு நேராகப் படிந்தால்தான் சக் மையம் தவறாமல் சுற்றும் என்பது அவருடைய வாதம். நுண்ணிய வேலைக்கு அது முற்றிலும் உண்மை. ஆனால் பச்சை மரத்தை முரட்டு வடிவத்துக்குக் கொண்டுவரும் நாட்களில், தயிர் டப்பாவின் தட்டையான மூடியிலிருந்து வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் வாஷரைப் போடுகிறேன். முரட்டு வேலையில் தலைமுடியளவு ஆட்டம் ஒரு பொருட்டல்ல. பிளாஸ்டிக்கோ இரும்பைப்போல் ஒட்டிக்கொள்வதில்லை, துருவும் பிடிப்பதில்லை. உலர்ந்த கிண்ணத்தை இறுதியாகக் கடையும்போது வாஷரை எடுத்துவிடுகிறேன்.

மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னப்பட்டணத்தில், ஒரு பொம்மைப் பட்டறையில் வெட்பாலைக் கட்டையை லேத்தின் குழிவான முனைக்குள் சுத்தியலால் அடித்துச் செருகிக் கடைவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கழற்றவும் மாட்டவும் மரையே இல்லை. சிறிய பொம்மைகளுக்கு அது அருமையான ஏற்பாடு. என் கிண்ணங்களுக்கு அது போதாது.

முறிந்த இன்டெக்ஸ் பின்னுக்குப் பதிலாகப் பெரியவர் அதே விட்டமுள்ள எஃகுத் தண்டில் ஒன்றை வெட்டித் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். தூங்குமூஞ்சிக் கிண்ணம் இதற்குள் சற்று நீள்வட்டமாக வளைந்திருக்கிறது. வாரம் ஒருமுறை எடை பார்த்து மேலே எழுதி வருகிறேன். எடை குறைவது நின்றதும் அதை மறுபடியும் மாட்டலாம். அதுவரை சக், எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு, அதே அலமாரியில் கிண்ணத்தின் அருகிலேயே இருக்கிறது.